ஓசை அடங்கிய எஞ்சின்

மோட்டார் சைக்கிளின் வால்வைப் பற்றித் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். பௌதிகம் பயிலும் நண்பர் பலர் இக்கல்லூரியில் இருக்க, இவனுக்கு இவ்வேலை எதற்கு என்று கேட்பாரும் இருப்பர். அவர்கட்கு யான் கூறத்தக்க விடை ஒன்றே உண்டு. இவ்விஷயத்தில் தவறான யோசனை கூறியவன் யான். அதற்குரிய விலையைக் கொடுத்தவர் என் தந்தையார். ஆதலின், கற்றவன் என்னும் உரிமையால் அன்று, பட்டவன் என்னும் உரிமையால் எழுதுகின்றேன்.

எங்கள் ஊராகிய வேங்கிக்கால் திருவண்ணாமலை நகருக்கு வடபால், வேலூர்ச் சாலையில் இருக்கிறது. ஜில்லாக் கலெக்டர் அலுவலகம் இங்கே அமைந்திருத்தலின், காலை முதல் மாலை வரை சாலையில் இருசக்கர வண்டிகளுக்குக் குறைவில்லை. என் தந்தையார் அவலூர்ப்பேட்டைச் சாலைப் பக்கத்துக் கிராமங்களில் பால் வாங்கி, நகரத்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்து வருபவர். இருபுறமும் கேன்களைச் சுமந்துகொண்டு நாள்தோறும் அவருக்காக ஓடுவது, பிறரிடமிருந்து வாங்கிய பழைய 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று. அதன் எஞ்சினின் தலைப்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்றோர் ஓசை எப்பொழுதும் எழும். தையல் யந்திரம் ஓடுவது போன்ற அவ்வோசையை ஒர்க்‌ஷாப்காரர்கள் ‘டேப்பட் சத்தம்’ என்பர். விடுமுறை முடிந்து யான் கல்லூரிக்குத் திரும்பும்போதெல்லாம் தந்தையார் என்னை அவ்வண்டியிலேயே பஸ் நிலையத்திற்குக் கொண்டுவந்து விடுவார். அங்கே நண்பர் சிலர் நிற்கையில் அவ்வோசையால் யான் நாணியதுண்டு. அந்நாணத்தினால், “அப்பா, இந்தச் சத்தத்தை நிறுத்திவிடுங்கள், வண்டி கெட்டதற்கு இதுதான் அடையாளம்” என்று ஏதோ அறிந்தவன்போலக் கூறினேன். பிள்ளை கல்லூரியில் படிக்கிறான் என்னும் மதிப்பினால் அவரும் அதனை ஏற்றுக்கொண்டார்.

சாலையோரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் வண்டியை நிறுத்தினார். ஓடிவந்த சூடு ஆறுமுன்னரே மெக்கானிக் மூடிகளைக் கழற்றினார். அளவுத் தகடு எதனையும் எடுத்தாரில்லை. ஸ்க்ரூவைத் திருகினார், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், மீண்டும் திருகினார், ஓசை அடங்கியது. “இப்போது கேளுங்கள் அண்ணே, புது வண்டி மாதிரி” என்றார். மெய்யாகவே புது வண்டிபோல் இருந்தது. வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி மூன்று மாதம் நிலைத்தது.

விடியலில் ஒழுங்காகப் புறப்படும் வண்டி, நகரத்தில் ஒரு கடையில் பாலை ஊற்றிவிட்டு வந்து மிதித்தால் பற்ற மறுக்கத் தொடங்கியது. மிதிக்கும்போது காலுக்கு எதிர்ப்புக் கொடுக்க வேண்டிய கிக்கர் கனமின்றிக் கீழே இறங்கியது. சில நாட்களில், ஓரிடத்தில் நின்றபடி மெதுவாக ஓடும்போதே எஞ்சின் அணையலாயிற்று. மேட்டில் இழுவை குறைந்தது. சைலன்சரில் இடையிடையே வெடியோசை கேட்டது. ஒரு நாள் வழியிலேயே முற்றும் நின்றுவிட, வெயில் ஏறி, இரண்டு கேன் பாலும் திரிந்து போயிற்று. வேறோர் ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, புகை வெளியேறும் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் கடித்த அப்பளம்போல் எரிந்து கிடந்தது. புது வால்வு, அதன் கைடு, இருக்கையைச் சீர்செய்தல், வால்வு கிரைண்டிங், கேஸ்கட், கூலி எனக் கணக்கு நீண்டது. என் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த தொகை அதற்குச் சென்றது. பதினொரு நாள் வண்டி இல்லை. அந்நாட்களில் வேறொருவரிடம் பால் வாங்கத் தொடங்கிய கடைகளுள் இரண்டு இன்றுவரை திரும்பவில்லை.

நிற்க. அவ்வோசையைக் குற்றத்தின் அடையாளம் என்று யான் கொண்டதே பிழை. 4 ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டர்த் தலையில் இரண்டு வாயில்கள் உண்டு. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி உள்ளே புக ஒன்று. எரிந்த புகை வெளியேற மற்றொன்று. அவற்றை மூடி நிற்கும் காளான் வடிவான எஃகுக் கதவுகளே வால்வுகள். கேம் என்னும் முட்டை வடிவ உறுப்புச் சுழன்று, ராக்கர் என்னும் நெம்புகோலை அசைக்கும். ராக்கர் வால்வின் தண்டை அழுத்தித் திறக்கும். ஸ்ப்ரிங் அதனை மீண்டும் இழுத்து மூடும். வால்வு மூடிநிற்கும் வேளையில் ராக்கரின் நுனிக்கும் தண்டின் முனைக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி இருந்தே தீர வேண்டும். சிறு வண்டிகளில் இது பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. தலைமயிர் ஒன்றின் பருமன் என்று கொள்ளலாம். அவ்விடைவெளியைக் கடந்து ராக்கர் தண்டைத் தொடும்போது எழுவதே நான் நாணிய அந்த ‘டிக் டிக்’. அளவோடு கேட்கும் ஓசை, இடைவெளி உண்டு என்பதற்குச் சாட்சியாகும். (டேப்பட் என்பது உண்மையில் கேமின் அசைவைத் தண்டுக்குக் கொண்டுசெல்லும் ஓர் உறுப்பின் பெயர். நம் ஒர்க்‌ஷாப்புகளில் இடைவெளிக்கும், அதனைச் சரிசெய்யும் வேலைக்கும், அதிலிருந்து எழும் சத்தத்திற்கும் அப்பெயரே வழங்குகிறது. ஆகுபெயருக்கு உதாரணம் தேடும் முதல் வகுப்பு மாணவர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.)

மயிரிழை அளவான இவ்விடைவெளிக்கு இத்துணைப் பெருமை ஏன் என்று கேட்கலாம். எஞ்சின் நிமிஷத்திற்கு 4,000 முறை சுழலும்போது, கேம் அதிற் பாதியாகச் சுழலுதலின், ஒவ்வொரு வால்வும் நிமிஷத்திற்கு 2,000 முறை திறந்து மூடுகிறது. மணிக்கணக்கில் கூறின், 1,20,000 முறை. நம் இலக்கண நூலார் கண்ணிமைப்பொழுதை ஒரு மாத்திரை என வகுத்தனர். அக்கண்ணிமைப்பொழுதைச் செகண்டில் மூன்றில் ஒரு பங்கு எனக் கொண்டால், ஒரு மாத்திரைக்குள் இவ்வால்வு பத்து முறைக்கு மேல் திறந்து மூடிவிடும். இங்ஙனம் ஓடும் வால்வுகளுள் புகை வெளியேறும் வாயிலில் நிற்பதன் கதி மிகக் கொடியது. எரியும் வாயு அதனைத் தழுவிக்கொண்டே வெளியே பாய்கிறது. கடுமையாக ஓட்டும்போது அதன் தலை 700 டிகிரி வரையிலும் சூடேறும். அச்சூடு தணிவதற்கு அதற்கிருக்கும் பெருவழி ஒன்றே. மூடியிருக்கும் வேளையில் அதன் விளிம்பு இருக்கையோடு முற்றும் பொருந்தி, அதன் வழியாக வெப்பத்தை ஹெட்டிற்குள் செலுத்துதலே அது. ஒரு சுழற்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் இவ்வால்வு இங்ஙனம் அமர்ந்திருக்கிறது. திறந்து வேலை செய்யும் நேரத்தினும் மூடி இளைப்பாறும் நேரமே அதற்கு உயிர் என்னலாம்.

இடைவெளி அற்றுப்போனால் அவ்விளைப்பாறுதல் போய்விடும். சூடேறிய தண்டு நீளும். நீள்வதற்கு இடமின்மையால் ராக்கரில் முட்டிக்கொள்ளும். வால்வு தன் இருக்கையில் முழுதும் அமர மாட்டாது. கண்ணுக்குத் தெரியாத அச்சந்தின் வழியே, வெடிக்கும் வேளையின் தழல் ஊதுகுழல் நெருப்பைப்போலச் சீறி வெளிப்படும். விளிம்பு ஓரிடத்தில் கருகும். கருகிய இடத்தில் சந்து பெரிதாகும். பெரிதான சந்தில் மேலும் தழல் பாயும். குளிர்ந்திருக்கும்போது புறப்பட்ட வண்டி, சூடான பின்னர்ப் பற்ற மறுத்தது ஏன் என்பது இப்பொழுது விளங்கும்.

இனி, மெக்கானிக் இறுக்கி வைத்ததனால் மட்டுமே இக்கேடு நேரும் என்று கருதற்க. யாரும் தொடாமலிருந்தாலும் நேரும். வால்வு தன் இருக்கையில் கோடிக்கணக்கான முறை தட்டி அமர்தலின், விளிம்பும் இருக்கையும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. தேயத் தேய வால்வு ஹெட்டினுள் மேலேறி அமர்கிறது; தண்டின் முனை ராக்கரை நோக்கி நெருங்குகிறது. மறுபுறம் கேமும் ராக்கரின் நுனியும் ஸ்க்ரூவும் தேய்வதால் இடைவெளி அகல்வதும் உண்டு. எது மிகுகிறதோ அதன்படி வண்டி ஓசை மிகுந்தோ ஓசை குறைந்தோ போகும். அகன்றால் வால்வு தாமதமாகவும் குறைவாகவும் திறக்கும், இழுவை குறையும், உறுப்புகள் மோதித் தேயும். அதுவும் தீமையே. ஆயினும் அது கூவிக்கொண்டு வரும் தீமை. செவியுடையார் எவரும் அறிவர். குறுகுதலோ ஓசையின்றி வருகிறது. அது முற்ற முற்ற எஞ்சின் முன்னையினும் இனிதாகவே ஓடுவதுபோல் தோன்றும். ஆதலின், ‘சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் வழக்கம் இரண்டில் சிறிய தீமைக்கு மட்டுமே காவல். பெரியதற்கு அது கதவைத் திறந்து வைக்கிறது. இங்கே செவி நீதிபதியாகாது. அளவுத் தகடும், ஓடிய கிலோமீட்டர்க் கணக்குமே வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வழக்கம் நம்மவர்க்கு ஏன் வேரூன்றவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். 1980 இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, 1984 இல் அங்கிருந்தே வந்த இந்த்-சுசுகி, 1985 இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகிய எல்லாம் 2 ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அவற்றில் கேமும் இல்லை, ராக்கரும் இல்லை. பிஸ்டனே மேலும் கீழும் ஓடிச் சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடும். பிளக்கைத் துடைத்து, ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றத் தெரிந்தால் போதும். வால்வு இடைவெளி என்னும் பேச்சிற்கே இடமில்லை. 1985 இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வெளிவந்த பின்னர், சிறு வண்டிகளிலும் 4 ஸ்ட்ரோக் மெல்ல மெல்லப் பரவியது. மூட்டை சுமக்கும் எக்ஸ்.எல். வண்டியும் 2015 இல் எக்ஸ்.எல். 100 என 4 ஸ்ட்ரோக்காகப் பிறந்தது. பெட்ரோல் செலவு குறைந்ததை யாவரும் அறிந்து கொண்டாடினர். அக்குறைவோடு கூடவே ஒரு கடமையும் வீட்டிற்கு வந்திருப்பதைச் சொல்வார் இலர். எங்கள் தெருவில் டி.வி.எஸ். 50 ஓட்டிப் பழகிய முதியவர் ஒருவர் இன்றும், “டேப்பட்டா? அதெல்லாம் புல்லட்டுக்குத்தானே” என்பார்.

அவர் புல்லட்டைச் சுட்டியதில் ஒரு நியாயம் உண்டு. 1955 இல் சென்னையில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரோடு கூடித் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட், இவ்வேலையை உடையவனுக்கே கற்பித்த வண்டி. சிலிண்டரின் பக்கத்தில் ஒரே நட்டினால் பிடிக்கப்பட்ட சிறு மூடி ஒன்று இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அதனைக் கழற்றி, உள்ளே தெரியும் இரு புஷ் ராடுகளையும் விரலாற் பிடித்துச் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடுதல் கூடாது. விரல்களே அங்கு அளவுகோல். 2009 இல் நம் நாட்டில் வந்த புதிய எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட் புகுத்தப்பட்டது. ஆயிலின் அழுத்தமே இடைவெளியைத் தானாக நிரப்பிக்கொள்ளும். கார்கள் பலவற்றிலும் இம்முறை உண்டு. இதனால் ஒரு தலைமுறை இவ்வேலையை மறந்தது. பின்னர் 2016 இல் வந்த ஹிமாலயனிலும், 2020 இல் வந்த மீட்டியரிலும் ஸ்க்ரூவைத் திருகி இடைவெளி வைக்கும் முறையே திரும்ப வந்துவிட்டது. வண்டி மாறியதை உடையவர் அறிவர். முறை மாறியதை எத்துணைப் பேர் அறிவர்?

பழைய வண்டி வைத்திருப்போர் மற்றொன்றும் நினைக்க வேண்டும். முன்னாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரியும்போது அது வால்வின் இருக்கைமேல் மெல்லிய படலமாகப் படிந்து, தேய்வைத் தடுத்து வந்தது. 2000 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்களின் உடல்நலத்திற்கு அது நன்மையே, ஐயமில்லை. ஆனால் அப்படலத்தை நம்பிச் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களுக்கு, இடைவெளியை அடிக்கடி நோக்கும் தேவை அதனால் மிகுந்தது.

எப்பொழுது அளப்பது என்பதிலேதான் எங்கள் ஊர் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கையேட்டில் தரும் அளவெல்லாம் எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலைக்கு உரியவை. 35 டிகிரிக்கு உட்பட்ட சூட்டிலேயே அளக்க வேண்டும் என்று சில கையேடுகள் வரையறுக்கின்றன. சித்திரை, வைகாசி மாதங்களில் வேங்கிக்காலில் நண்பகல் நேரத்தில் ஓடாமல் நிழலில் நிற்கும் வண்டியே அச்சூட்டைக் கடந்துவிடும்! பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டிக்கொண்டு போய், அரைமணி நேரத்தில் ‘டேப்பட் வைத்து’த் திரும்பக் கேட்பது, காய்ச்சலிற் கிடப்பவனை எழுப்பி அவனது இயல்பான உடற்சூட்டைக் குறிக்கச் சொல்வது போன்றது. இரவு முழுதும் நின்ற வண்டியை விடியலில் அளத்தலே முறை. மெக்கானிக்கை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. ‘உடனே வேண்டும்’ என்று தலைமாட்டில் நிற்பவர் நாமல்லமோ? முன்னாள் மாலையே வண்டியை விட்டு, மறுநாட்காலை பெற்றுக்கொள்ள நாம் இசைந்தால், தகடு எடுத்து அளக்க விரும்பும் நல்ல தொழிலாளர் பலர் உளர். என் தந்தையாரின் வண்டிக்கு மறுவாழ்வு அளித்தவர் அத்தகைய ஒருவரே. அவரிடம் நின்று கற்றதைத்தான் ஈண்டு எழுதுகிறேன்.

அவர் காட்டியதில் ஒரு நுட்பம் என்னைப் பெரிதும் கவர்ந்தது. அளப்பதற்கு முன், பிஸ்டனைச் சிலிண்டரின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும்; சக்கரத்தில் பொறித்த ‘டி’ என்னும் குறி, எஞ்சின் உறையிலுள்ள குறிக்கு நேரே நின்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். ஆனால் ஒரு முழுச் சுற்றில் அக்குறி இரண்டு முறை நேரே வரும். ஒன்று, ஆவி அழுத்தப்பட்டு வெடிக்கக் காத்திருக்கும் நிலை. அங்கே இரு வால்வுகளும் மூடியிருக்கும். மற்றொன்று, புகை வெளியேறி முடியும் நிலை. அங்கே இரண்டும் சற்றே திறந்திருக்கும். குறி ஒன்றே, பொருள் இரண்டு. இரண்டாவதில் நின்று அளந்தவன் இடைவெளியே இல்லை என்று மயங்கி, வேண்டாத அளவுக்குத் தளர்த்திவிடுவான். இரு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பார்த்து, இரண்டும் மெல்ல ஆடினால் அதுவே உரிய நிலை என்று தெளிய வேண்டும். அதன்பின், உரிய பருமனுள்ள தகட்டை இடையே செலுத்தினால், வெண்ணெயில் கத்தி போல் வழுக்காமலும், முட்டி நில்லாமலும், சிறிது பிடித்துக்கொண்டே நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் உடன் திரும்பிவிடக் கூடுமாதலின், இறுக்கிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். இக்கடைசி வேலையைச் செய்கிறாரா என்பதைக் கொண்டே ஒரு மெக்கானிக்கை மதிப்பிடலாம் என்பது என் எண்ணம். ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஷிம் என்னும் சிறு வில்லைகளை மாற்றி இடைவெளி வைக்கும் எஞ்சின்களும் உண்டு. அவை வீட்டில் கைவைக்கத் தக்கன அல்ல. ஆயின் அவற்றிற்கும் அளக்கும் தவணை கையேட்டில் குறிக்கப்பட்டே இருக்கிறது.

அக்கையேட்டையோ எவரும் திறப்பதில்லை. எங்கள் வீட்டில் அது ஆர்.சி. புத்தகத்தோடு பெட்டியில், இங்கிலீஷில், மடிப்புக் கலையாமற் கிடந்தது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும், உள்வாயிலுக்கு எத்துணை, புகைவாயிலுக்கு எத்துணை என்னும் இரண்டு வரிகள் அதில் இருந்தன. பால் வியாபாரியும் பூ வியாபாரியும் வாசிக்கத்தக்க மொழியில் அவ்விரண்டு வரிகளைப் பெட்ரோல் மூடியின் அருகே ஒட்டிவிடுதல், வண்டி செய்யும் நிறுவனத்தார்க்கு அரிய காரியமா? டயரில் எத்துணைக் காற்று என்பதை ஒட்டுகிறார்களே! சர்வீஸ் செய்வோர், பில்லில் ‘டேப்பட் அட்ஜஸ்ட்’ என்று மட்டும் எழுதாமல், அளந்தபோது இருந்த இடைவெளி இவ்வளவு, வைத்தது இவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதித் தந்தால், அடுத்த முறை வால்வு எப்பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருமாயின் இருக்கை தேய்கிறது என்று பொருள். பாதி வழியில் நிற்குமுன்னரே அறியலாம். அளவுத் தகட்டுக் கட்டு ஒன்றின் விலை சில நூறு ரூபாய்க்கு மேற்படாது. எங்களுக்கு எரிந்த வால்வின் கணக்கோ, ஏறக்குறைய ஒரு பருவக் கட்டணம்.

சென்ற விடுமுறையில், ஞாயிறு விடியலில் தந்தையாரும் யானும் வாயிற்புறத்து விளக்கொளியில் மூடிகளைக் கழற்றினோம். தகட்டின்மேற் பொறித்த சிற்றெழுத்து அவர் கண்ணுக்குப் புலப்படாமையால் யான் படித்துக் கொடுத்தேன். அவ்வண்டிக்கு உரிய அளவு 0.08. உள்வாயிலில் அது சரியாக நகர்ந்தது. புகைவாயிலில் புகவில்லை, 0.05 தகடுதான் புகுந்தது. நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை மயிரிழை பின்னே திருப்பி, இறுக்கி, மறுபடி அளந்து, ஒரு பழைய நோட்டில் தேதியையும் எண்களையும் எழுதிவைத்தோம். வண்டியை மிதித்தபோது ஓசை முன்னையினும் சற்று மிகுதியாகவே கேட்டது. அடுத்த வீட்டு அக்காள் எட்டிப்பார்த்து, “ஏங்க, அந்தச் சத்தத்தைச் சரிசெய்யலையா?” என்றார். தந்தையார் சிரித்துவிட்டுக் கேன்களைக் கட்டப் போனார். அன்று மாலை அவ்வண்டியிலேயே பஸ் நிலையம் வந்து சேர்ந்தேன். நண்பர்கள் வழக்கம்போல் அங்கே நின்றிருந்தனர்.